வழக்கொழிந்த சொல்லும் உன் பேர் பொறித்த கோப்பையும்

என் மரகதத்துக்கு,

கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ இருந்தால் முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பாய்.

நம் செங்கல்பட்டு வாசகசாலையில் உன் பேரில் போட்டி வைக்கிறார்கள். ஞாயிறுதோறும் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒருத்தியாக உட்கார்ந்து, எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டுவாயே, அதே ஆட்டம். உன் பேர் பொறித்த வெள்ளிக் கோப்பை வேறு. கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிறகு விதிகளைப் படித்தேன். முதல் விதியே, வழக்கொழிந்த சொற்கள் செல்லாதாம்!

இது என்ன நியாயம்? ‘குவோத்’, ‘எஃப்ட்சூன்ஸ்’ என்று இங்கிலீஷ்காரனே மறந்த சொற்களைத் தேடிப் பிடித்து ஜெயித்தவள் நீ. நம் வக்கீல் செயலாளர், நாளை என்று பொருள்படும் ‘மாரோ’வை வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, முன்னால் நாலே வில்லைகளைச் சேர்த்து ‘ஓவர்மாரோ’ ஆக்கினாயே, நினைவிருக்கிறதா? நாளன்னிக்கு என்று அர்த்தம் சொன்னாய். ஒருவரும் நம்பவில்லை. பெரிய அகராதியைப் புரட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

நேரே செயலாளரிடம் போனேன்.

“இன்னா சார் கோச்சுக்கிறீங்க? வெள்ளைக்காரனே பூட்டான். செத்த வார்த்தைய வச்சிகினு இன்னா பண்றது? இப்ப யாரு பேசுறா?” என்றார்.

யார் பேசினார்களா? நாம் பேசினோமே! “ஓவர்மாரோ கடப்பாக்கத்துலேர்ந்து அண்ணன் வருது, மீன் எடுத்தாரும், நீங்க கடைக்குப் போவாதீங்க” என்று அடுப்படியிலிருந்து நீ சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. இனி அதை நான் யாரிடம் சொல்வேன், மரகதம்?

“செத்த வார்த்தை செல்லாதுன்னா, செத்துப்போனவ பேரு மட்டும் எப்படி சார் செல்லும்?” என்று கேட்டுவிட்டேன். “ஒண்ணு விதிய எடுங்க, இல்ல எம் பொண்டாட்டி பேர எடுங்க. ஓவர்மாரோ வந்து பாக்குறேன்” என்று எழுந்தேன்.

“காலைல கோர்ட்டு கீது சார். சாயங்காலமா வாங்க” என்றார்.

என்றைக்கு என்று அவர் கேட்கவே இல்லை.

போய்ப் பார்க்கிறேன். விதி அப்படியே இருந்தால், கோப்பையில் இருக்கும் உன் பேரை என் கையாலேயே சுரண்டி எடுத்துவிடுவேன். இது சத்தியம்.

நாளன்னிக்குச் சாயங்காலத்துக்குக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்