பச்சை விளக்கு சொன்ன பொய்

செப்டம்பர் 8, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் இருமினால்கூட அணைத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு வேலை வீட்டிலேயே. ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் ஹெட்செட்டில் பேசுவாள். இடத்தைக் கேட்டு வண்டியை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருப்பாள். இன்று ஒரு பெண், தன் குழந்தைக்கு மூச்சு வரவில்லை என்று அழுதுகொண்டிருக்கும்போது எங்கள் இன்டர்நெட் போய்விட்டது. சத்தம் நின்றுபோன ஹெட்செட்டில் அம்மா "இருக்கீங்களா, இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் வேறு ஒருவர் அந்த அழைப்பை எடுத்துவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறதாம். அதற்கு நன்றி, யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு சூப்பர்வைசர் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டேன். "உங்க மேல தப்பே இல்ல மேடம். ஆனா அழைப்பு நடுவுல அறுந்தா யாரு பதில் சொல்றது? இன்னொரு தடவை ஆச்சுன்னா தலைமை ஆபீஸுக்கே வந்துடுங்க."

தலைமை ஆபீஸ் வேறு ஊரில். தங்க விடுதி தருவார்கள். பிள்ளைகளுக்கு இடம் கிடையாது.

சாயங்காலம் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெரியப்பாவிடம் பேசினாள். "ஒருவேளை அப்படி ஆச்சுன்னா, இவ உங்ககிட்ட இருக்கட்டும் மாமா. தொந்தரவு பண்ண மாட்டா. இருக்கிற இடமே தெரியாது."

வெளியே வந்து பரண்மேல் இருந்த பெரிய சூட்கேஸை இறக்கினாள். ஏன் என்று கேட்டேன். "தூசி தட்டத்தான்" என்றாள். தட்டவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பெரியப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளி எவ்வளவு நாள் சத்தமில்லாமல் நடப்பது? அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்று போனால் மீதி என்ன? எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது. பயமா இருக்கு.

செப்டம்பர் 11, வியாழன்

ஆபீஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஃபயர்வாலாம். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கிறது, பின்னால் வரிசையாக ஓட்டைகள். வெளியிலிருந்து கண்டதும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும். அதோடு, இரண்டு இன்டர்நெட்டை அதில் மாட்டலாம். ஒன்று போனால் தானாகவே மற்றதற்கு மாறும். ஃபெயில்ஓவர் என்று பெயர்.

ஒன்று சுவரிலிருந்து வரும் கண்ணாடி இழை லைன். இன்னொன்று சிம் போடும் சின்ன ரூட்டர். அதற்குக் குளியலறை ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கிறது, ஷாம்பூ பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா பெயர் வைத்துவிட்டாள், பெரியவன், சின்னவன். "சின்னவன் குளிக்கிறானா, வேலை பாக்கிறானா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு நாள் ஆகிறது.

அம்மாவால் ஹெட்செட்டைக் கழற்ற முடியாது. அதனால் ஆபீஸ் நெட்வொர்க் அக்கா என்னிடம் போனில் பேசினாள். புது ஆட்களிடம் போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் கவலையே படவில்லை. "கை உன்னுது, மூளை என்னுது, சரியா? மஞ்சள் வயர் முதல் ஓட்டைல, சரியா? பயப்படாதே, அது கடிக்காது, சரியா?" பேர் கேட்க மறந்துவிட்டேன். சரியா அக்கா என்றே எழுதுகிறேன்.

செப்டம்பர் 13, சனி

சோதனை! அக்கா சொன்னபடி ஃபயர்வாலிலிருந்து மஞ்சள் வயரை உருவினேன். பெரியவனின் விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னவன் வேலையை எடுத்துக்கொண்டான். அம்மா அக்காவோடு பேசிக்கொண்டிருந்த சோதனை அழைப்பில் ஒரு விக்கல் மாதிரி, அவ்வளவுதான். "அம்மாவோட சாஃப்ட்வேர் கொஞ்சம் பொறுத்துப் பாக்கும். அதுக்குள்ள வேற வழி கிடைச்சா அழைப்பை விடாது" என்றாள் அக்கா.

மூன்று தடவை உருவிப் பார்த்தேன். மூன்று தடவையும் மாறியது. இன்று சீக்கிரம் தூங்கப்போகிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சின்னவன் சும்மா உட்கார்ந்திருப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. லோடு பேலன்சிங் போட்டாள், வேலையை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுப்பது. "ரெண்டு கவுன்ட்டர் திறந்தா வரிசை சீக்கிரம் நகரும், சரியா?"

நகர்ந்தது. ஆனால் அம்மாவின் திரை மட்டும் அவளை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டு போடுவாள், உள்ளே போவாள், மறுபடி வெளியே. "நான் யாருன்னு இத்தனை தடவை என் மாமியார்கூட கேட்டதில்லடி" என்றாள் அம்மா. நல்லவேளை, அப்போது அழைப்பு எதுவும் இல்லை.

காரணம் இதுதான். ஒரு தடவை பெரியவன் வழியாகவும் அடுத்த தடவை சின்னவன் வழியாகவும் போனால், ஆபீஸ் கணினிக்கு இரண்டு முகவரி தெரிகிறது. யாரோ திருடன் என்று கதவைச் சாத்திவிடுகிறது. அக்கா திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தாள். அம்மா திட்டவில்லை. இப்போது அம்மாவின் கணினிக்கு ஒரே வாசல், பெரியவன். அவன் விழுந்தால் மட்டும் சின்னவன். என் பாடமும் டிவியும் எப்போதும் சின்னவன் வழியாக. அவனுக்கும் வேலை கிடைத்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

மாறலை.

அம்மா டீ குடிக்க எழுந்திருந்த நேரம். நெட் போச்சு. பெட்டில எல்லா விளக்கும் பச்சை. பெரியவன் பச்சை, சின்னவன் பச்சை. ஆனா அம்மா திரையில ஒண்ணுமே வரலை. டீ ஆறுற வரைக்கும் அப்படியே கிடந்து, தானா வந்தது. ஒரு அழைப்பு மட்டும் அப்போ இருந்திருந்தா—

அம்மா சூட்கேஸைத் துடைத்தாள். நிஜமாகவே துடைத்தாள்.

அக்காவுக்குப் போன் செய்தோம். "இங்கேருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கே" என்றாள். முதல் தடவையாக அந்தச் 'சரியா'வில் கேள்வி இல்லை, குழப்பம்தான் இருந்தது. காலையில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள்.

நான் உருவியபோது மாறிய பெட்டி, லைன் தானாகச் செத்தபோது ஏன் மாறவில்லை? பெரியவன் செத்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது?

யாரிடம் கேட்கிறது?

செப்டம்பர் 20, சனி

அந்தக் கேள்வியைத்தான் காலையில் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, லைன் இருக்கா இல்லையான்னு அது யாரை விசாரிக்குது?"

அக்காவின் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அடிப்பாவி" என்றாள். என்னைத் திட்டுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, தன்னையே சொல்லிக்கொண்டாள்.

எங்கள் பெட்டி நிமிடத்துக்குப் பலதடவை "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் மாறும். ஆனால் அது கேட்டது சுவரோரம் ஒரு முழத்தில் இருக்கும், கண்ணாடி இழை லைன் வந்து சேரும் மோடத்திடம். தெருவில் லைன் செத்தாலும் மோடம் வீட்டுக்குள் உயிரோடுதானே இருக்கிறது? "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிவிடும். நான் உருவியது பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வயர். அதனால்தான் அன்று மட்டும் பதில் நின்றது.

"அப்போ தெரு முனையில ரோடு இருக்கான்னு, வீட்டு வாசப்படியைக் கேட்ட மாதிரியா?" என்றேன்.

"அதேதான். இதை நான் என் டீமுக்குச் சொல்லப்போறேன். உன் பேர்லதான், சரியா?"

இப்போது பெட்டி தூரத்தில், வெளியே இருக்கிற இரண்டு இடங்களைக் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து சில தடவை பதில் சொல்லாவிட்டால்தான் மாறும். ஒன்று மட்டும் தூங்கிப்போனால் அவசரப்படாது. பெரியவன் திரும்பி வந்தாலும் உடனே நம்பாது, கொஞ்சம் காத்திருக்கும்.

சோதிக்க, இந்தத் தடவை சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் லைனைக் கழற்றினேன். பெட்டியில் பெரியவன் பச்சையாகவே இருந்தான். அப்புறம், அம்மாவின் வேலை தன் பக்கம் வந்ததும், சின்னவன் சட்டென்று சிமிட்டத் தொடங்கினான். அம்மா ஹெட்செட்டோடு கட்டைவிரலை உயர்த்தினாள்.

"இன்னைக்கு மூளையும் உன்னுதுதான்" என்றாள் அக்கா. நன்றி என்று சொல்ல நினைத்தேன், "சரியா" என்று வாய் தவறி வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

செப்டம்பர் 25, வியாழன்

பள்ளியிலிருந்து வரும்போது தெரு முனையில் மண் தோண்டும் இயந்திரம். லைனை அறுத்துவிடுமோ என்று பார்த்ததுமே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அழைப்பில் இருந்தாள். ஒரு சின்னப் பையன். அவன் தாத்தா படியில் விழுந்துவிட்டார், வீட்டில் வேறு யாரும் இல்லை. "கண்ணா, தாத்தா கையைப் பிடிச்சுக்கோ. அவர்கிட்ட பேசிக்கிட்டே இரு. நானும் பேசிக்கிட்டே இருக்கேன்."

கீழே கடகடவென்று ஏதோ அறுந்தது. "நெட் போச்சு!" கீழ்வீட்டு டைலர் மாமா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "ஏ பாப்பா, உங்களுக்கும் போச்சா? தெருவுக்கே போச்சு!"

அம்மா ஹெட்செட்டைக் காதோடு அழுத்தினாள். "கண்ணா? இருக்கியா?"

நான் குளியலறை வாசலில் நின்றேன். சின்னவனையே பார்த்தேன்.

சின்னவன் சிமிட்டினான்.

"இருக்கேன் ஆன்ட்டி" என்று சொல்லியிருப்பான். அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "சமத்து. வண்டி உங்க தெருவுக்கு வந்துடுச்சு. கதவைத் திறந்து வை" என்றாள்.

ஷாம்பூ பாட்டிலைத் தள்ளி வைத்து, சின்னவன் தலையில் கைவைத்தேன். சூடாக இருந்தான். தேங்க்ஸ்டா என்று சொன்னேன். ரூட்டரிடம் பேசுகிறவள் என்று யாராவது சிரித்தாலும் பரவாயில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சூப்பர்வைசர் இன்று கூப்பிட்டார். இந்த மாதத்துக் கணக்குப் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு நேரே, எட்டாம் தேதிக்குப் பிறகு ஒரு அறுந்த அழைப்புகூட இல்லையாம். "வீட்லயே தொடரட்டும்" என்றார். அம்மா பெரியப்பாவுக்கும் போன் செய்தாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

சாயங்காலம் சூட்கேஸைப் பரண்மேல் ஏற்றிவிடச் சொன்னாள். தூக்கினால் கனம். திறந்து பார்த்தேன். பழைய மோடம், மிஞ்சிய வயர்கள், கிழிந்த திரைச்சீலை. மூலையில் ஒரு பாக்கெட் புது பேட்டரி.

"அது மேல போறதுக்கு இல்லை" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "உன் டார்ச்சுக்கு. வெளிச்சம் மங்கி ஒரு வாரமாச்சு. கண்ணு கெட்டுப்போயிடும்டி."