வேண்டுமென்றே திரிந்த பால்

மிங்தே,

கோபம் தூக்கத்தோடு போயிற்றா? எனக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது என்றுதான் நேற்று என் டீயில் சோயாப் பாலை ஊற்றினாய். அது திரிந்ததும் நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. நீயும் "இனிமே உன் டீய நீயே போட்டுக்க" என்று போய்ப் படுத்திருக்கக் கூடாது.

மீதிச் சோயாப் பால் உன் காலை உணவுக்காக அடுப்பில் இருக்கிறது. கிண்ணத்தில் கொஞ்சம் வினிகரும் சோயா சாஸும் விட்டு, பால் கொதித்ததும் அதன்மேல் ஊற்று. கலக்காதே. பூப்பூவாகத் திரியும், இந்தத் தடவை திரியத்தான் வேண்டும். யூதியாவ், அந்தப் பொரித்த நீள மாவுத்துண்டு, தட்டில் மூடி வைத்திருக்கிறேன், பிய்த்துப் போட்டுக்கொள்.

உன் அம்மா தைபேயிலிருந்து பத்து மணி ரயிலில் வருகிறார். அவர் டீக்கு மாட்டுப்பால்தான், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நேற்றைய கதையை மட்டும் சொல்லிவிடாதே. என்னைவிட அதிகமாகச் சிரிப்பார்.

பெய்யுன்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நீ போட்ட டீயை நான் கொட்டவில்லை. காலையில் சூடாக்கிக் குடித்தேன். சகிக்கவில்லை. ஆனாலும் டம்ளரைக் கவிழ்த்துப் பார், ஒரு சொட்டு விழாது.