கல், சேறு, மறுபடி கல்

அன்னிக்கு மண்ணுப் பெட்டிங்க வெச்சிருந்த கொட்டாயில இருந்தவங்க: மண்ணைச் சோதிக்க வந்த பாஸ்கர் சார், லாரி ஓட்டுற முருகேசன், என்கூட உப்பு வாரின பிலோமினா, நான். அஞ்சாவது ஆள் நீங்க. யாரையும் நான் மறக்கல.

உப்பளத்துக்கு மேற்கால இப்ப மறுபடியும் பூமியில துளை போடறாங்க. அதே ஈரமண் வாசனை வீடு வரைக்கும் வந்துச்சு. முட்டி வலியோட நடந்து போய்ப் பாத்தேன்.

முன்ன இதேமாதிரி துளை போட்டப்ப நீங்க அங்க வாட்ச்மேன். உருளை உருளையா எடுத்த மண்ணை நீளப் பெட்டிகள்ல அடுக்கி வெச்சிருந்தாங்க. நம்ம நாடு ஒரு காலத்துல வேற கண்டத்தோட ஒட்டியிருந்து, பிரியறப்ப இழுத்த இழுப்புல தரை வெடிச்சு ஒரு பக்கமா இறங்கிச்சாம். அந்தப் பள்ளத்துல ஆறுங்க மண்ணைக் கொட்டிச்சாம். சார் சொன்னதை வந்து சொன்னீங்க. எனக்கு உடனே புரிஞ்சுது. உப்புப் பாத்தியில ஒரு மூலை இறங்கினா சேறு அங்கதானே தடிமனாப் படியும்?

மிஷின்காரங்க கிளம்பிப் போன பிறகு, முருகேசன் லாரியைப் பின்னால எடுத்து அடுக்கைச் சாய்ச்சிட்டான். பெட்டி நம்பரெல்லாம் மழையில ஏற்கெனவே அழிஞ்சிருந்துச்சு. ஒவ்வொண்ணும் மேல வந்தப்ப கூடவே நின்னவரு நீங்க ஒருத்தர்தான். நீங்களே திரும்ப அடுக்கினீங்க. அடியில கல், அதுமேல சேறு, அதுமேல மறுபடி கல்.

ஊருக்குப் போயிருந்த சார் வந்து பாத்தாரு. "ஏம்பா, கல்லு அடியிலதான் இருக்கும். மேல எப்படி வந்துச்சு? தண்ணி போட்டியா?"

"தரை ரெண்டு வாட்டி இறங்கியிருக்கு சார். இறங்கறப்பல்லாம் பெருமுக்கல் பக்கத்து மலைக்கல்லு உருண்டு வந்திருக்கு. நடுவுல சும்மா கெடந்தப்ப சேறு படிஞ்சிருக்கு."

"அண்ணன் அப்பவே இங்க வாட்ச்மேன் சார்!"னான் முருகேசன். பிலோமினாகூட சிரிச்சா.

நீங்க தலையைக் குனிஞ்சீங்க. "தப்புதான் சார்." உங்க கையாலேயே மேல இருந்த கல்லுப் பெட்டியைத் தூக்கி அடியில வெச்சீங்க. வேலை தங்கிச்சு. ஆனா டீக்கடையில உங்க பேரு 'ரெண்டுவாட்டி'ன்னு ஆயிடுச்சு. உங்க பாடையைத் தூக்கறப்பகூட ஒருத்தன் அப்படித்தான் சொன்னான்.

இன்னிக்கு ஒரு பொண்ணு புதுப் பெட்டிகளை வரிசையாக் காட்டினா. கல், சேறு, மறுபடி கல். "தரை ரெண்டு தடவை இறங்கியிருக்கு ஆயா"ன்னா. எனக்குச் சந்தோஷமே வரல. அசதியா இருந்துச்சு. அங்கேயே உக்காந்துட்டேன்.

அன்னிக்குச் சிதறினதுல ஒரு கூழாங்கல்லை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். இன்னும் ஊறுகாய் ஜாடி மூடி மேல பாரமா இருக்குது.

பாஸ்கர் சாரை மனசுலேருந்து விட்டுட்டேன். மண்ணு மேல வந்தப்ப அவரு பாக்கல, நம்பல. முருகேசனையும் பிலோமினாவையும் விட்டுட்டேன். எத்தினி பேரைத்தான் சுமக்கறது? கண்ணால பாத்ததைத் தன் கையாலேயே மாத்தி வெச்சவரை மட்டும் விட முடியல. கட்டின நாள்லேருந்து உங்க பேரை நான் வாயால சொன்னதில்ல. இப்ப எழுதறேன்.

ஏகாம்பரம்.