எட்டுப் பேரும் வேண்டாம் என்ற விளையாட்டு

02.10.2001, செவ்வாய்

மழை. ரயில் பிந்தி வந்தது. றொசல்லயிலிருந்து ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தேன். நான் வேலை பார்க்கும் கம்பியூட்டர் சென்டரைத் திறந்து முதலில் கருத்துக் கொப்பியைத்தான் பார்த்தேன். கேம் ஆடுகிறவர்கள் எழுதுவதற்காக முதலாளி சஞ்சயன் சார் வைத்தது.

வயல் விளைத்துப் படை கட்டும் செவன் ரிவர்ஸ் கேமோடு சேர்த்துப் போடும் புதுப் பகுதியின் சீடி, டயர்ட் எர்த், வந்து மூன்று வாரம். எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேரும் திட்டியிருக்கிறார்கள். "பழசுதான் கேம். இது தண்டனை." "இருபது சுத்து ஆடுறதுக்குள்ள ஊரே பட்டினி." "கம்பியூட்டர் கள்ள ஆட்டம் ஆடுது." பக்கத்து ஸ்டூடியோவில் படம் கழுவும் டினேஷ்தான் இங்கே பெரிய ஆட்டக்காரன். அவன் எழுதியது: "இதைக் கொழும்பிலேருந்து எடுக்கச் சொன்னவங்களுக்கு ஒரு மாலை போடணும்."

எடுக்கச் சொன்னது நான்தான்.

04.10.2001, வியாழன்

சஞ்சயன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"ஐவி, உந்தக் கேம் ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை. டிஸ்க்கிலயும் இடமில்லை. நாளையிண்டைக்கு அழிச்சுப்போட்டு கிரிக்கெட் போடப் போறன்."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விடுங்க சார். நல்ல கேம்தான்னு காட்டுறேன்."

"ஆருக்குக் காட்டப் போறீர்?"

"டினேஷுக்கு."

சிரித்தார். ஆனாலும் பதின்மூன்றாம் திகதி வரை விட்டார். அன்றைக்கு டினேஷும் நானும் ஒரே மெஷினில் மாறி மாறி எதிரெதிராக ஆட வேண்டும். நான் ஜெயித்தால் கேம் இருக்கும். தோற்றால் அழித்துவிடுவார்.

என் வார்த்தையை நம்பி எடுத்த சீடி. இனி நான் எதைச் சொன்னாலும் இந்தச் சிரிப்புத்தான் வரும். விட மாட்டேன்.

05.10.2001, வெள்ளி

பழைய கேமில் வயலை எத்தனை முறை அறுத்தாலும் அதே நூறு மூட்டைதான். இதில் மண் களைத்துப் போகிறது, விளைச்சல் குறைகிறது, சிப்பாய்கள் பசியில் ஓடிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. மண் அப்படித்தானே?

ஆனால் நானும் இதில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆடினேன். பதினெட்டாவது சுற்றிலேயே பட்டினி.

07.10.2001, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைத் திட்டத் தொடங்கினாள்.

"கிட்ட இருந்த மலையக் கவ்வாத்து வெட்டிட்டாங்க. இனி மூணு மாசத்துக்குக் கொழுந்து பறிக்க மேல் மலைக்குத்தான் ஏறணும். என் முழங்காலுக்கு யாரு பதில் சொல்றது?"

சோற்றில் கை வைத்தபடியே இருந்துவிட்டேன்.

கவ்வாத்து. தேயிலையை மொட்டையாக வெட்டிவிட்டு மாதக்கணக்கில் ஒரு கொழுந்துகூட எடுக்காமல் விடுவது. அப்புறம்தான் செடிக்குப் பலம் வரும்.

கேம் ஆடுகிற நாங்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். கொழுந்தைப் பறிக்காமல் நாள் தவற விட்டால் முத்திவிடும், ஏச்சு விழும். அது எங்கள் கையில் ஊறிப்போனது. கேமிலும் வயல் பச்சையானதும் கிளிக் பண்ணிவிடுகிறோம். ஒரு வயலையாவது ஒரு முறையாவது சும்மா விட்டோமா? அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவரும் தொட்டதில்லை. நானும்தான். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். எனக்குமா தெரியவில்லை?

08.10.2001, திங்கள்

மூன்று வயலில் ஒன்றைச் சும்மா விட்டேன். நாற்பது சுற்று தாண்டியும் பட்டினி இல்லை. எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

09.10.2001, செவ்வாய்

கொப்பியில் ஒன்பதாவது கருத்து, முழுப் பக்கம், என் பெயரில். கேம் கெட்டதில்லை, நாம் ஆடியதுதான் தப்பு என்று தொடங்கி, வயலை எப்போது விட வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

எனக்குப் பைத்தியமா? சனிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லையே — எட்டுப் பேர் தப்பாக எழுதி வைத்திருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

10.10.2001, புதன்

கரண்ட் இல்லை. ஆடவில்லை.

11.10.2001, வியாழன்

டினேஷ் கொப்பியைப் படித்தான். "டீச்சர் மாதிரி எழுதியிருக்கீங்க ஐவிக்கா" என்றான். பிறகு திரும்பவும் முதலிலிருந்து படித்தான். இருக்கட்டும். ஜெயிக்கணும். எப்படியாவது ஜெயிக்கணும்.

13.10.2001, சனி

தோற்றுவிட்டேன்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒருவர் ஆடும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். மழைச் சாரலில் நாலு பிளேன்டீ குடித்திருப்பேன். நான் மூன்றில் ஒரு வயலை விட்டேன். அவன் தொடக்கத்திலேயே பாதியை விட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுடைய படை சின்னதாகத் தெரிந்ததால் அவசரப்பட்டுப் பாய்ந்தேன். படைக்குச் சோறு போட, விட்டிருந்த வயலையும் அறுத்தேன். நானே! முப்பதாவது சுற்றில் அவனுடைய வயல்கள் எல்லாம் ஒன்றாக விளைந்தன. அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை. நான் எழுதியதை என்னைவிட அவன் அதிகம் நம்பியிருக்கிறான்.

சஞ்சயன் சார் கதிரையை இழுத்துப் போட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். "அப்ப அழிக்கட்டே?"

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

"எதை அழிக்கப் போறீங்க?" என்றான் டினேஷ். "நான் இப்பதானே சார் ஆடவே கத்துக்கிட்டேன்."

"நீர்தானே மாலை போடோணும் எண்டு எழுதினீர்?"

"அது ஆடத் தெரியாம எழுதினது."

சார் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கிரிக்கெட்டை மற்ற மெஷினில் போடப் போய்விட்டார்.

16.10.2001, செவ்வாய்

பகல் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் கிடைக்கவில்லை. டயர்ட் எர்த்துக்கு வரிசை. கொப்பியில் "தண்டனை" என்று எழுதிய அழகுமுத்து ஆடிக்கொண்டிருந்தான். பாதி வயலைச் சும்மா விட்டிருக்கிறான். தன்னை அறியாமல் கிளிக் பண்ணிவிடக்கூடாதென்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

வரிசையில் நான் ஐந்தாவது ஆள்.