ஆணி அடிக்காத பெட்டி

14-7-1995, வெள்ளி

ஸ்ரீவைகுண்டம் பக்கம் புதுப் பாலத்துக்காகத் துளைபோட்டு எடுத்த பாறைத் துண்டுகளை இன்று ஜீப்பில் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தேன். துளைபோடும் சுடலைமுத்து அவற்றை ஆழத்தின் வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"சார், கடைசிப் பெட்டிக்கு இன்னும் மூடி அடிக்கல. செத்த பொறுங்க, ரோடு மோசமாக் கெடக்கு" என்றார்.

மூன்று மணிக்குள் அலுவலகம் போய்ச்சேரும் அவசரம் எனக்கு. "ஒண்ணும் ஆவாது, ஏத்துங்க" என்றேன்.

பெட்டிகளோடு அவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு பள்ளத்தில் ஜீப் தூக்கிப்போட்டது. அந்தப் பெட்டி கவிழ்ந்து, துண்டுகள் உருண்டு கலந்துவிட்டன. நொறுங்கும் பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது அந்தப் பெட்டியில்தான் இருந்தது. தூணை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

"மூடி போடாம ஏத்துனது யாரு?" என்று அலுவலகத்தில் கேட்டார் எங்கள் பொறியாளர்.

நான் தரையைப் பார்த்தேன். சுடலைமுத்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் ஏத்துனேன் சார்."

அது பொய்யில்லை. ஏற்றியது அவர்தான். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று பொறியாளர் அவரிடம் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை அவர் பின்னாலேயே போனேன். திட்டியிருந்தால் தேவலை.

"எந்தத் துண்டு எங்கன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் சார். காலைல வந்து அடுக்கித் தந்துட்டுப் போயிருதேன். நீங்களா தப்பா அடுக்கிராதிய" என்றார்.

தலையாட்டினேன். பொறியாளர் வருமுன்னே அவர் வந்துவிட்டுப் போய்விட்டால் என் குட்டு வெளிப்படாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுதவே கை கூசுகிறது.