உயிரோடு இருப்பவனுக்கு ஒரு நினைவு ஜெபம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுவது. கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாராக.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உனக்காக நினைவு ஜெபம் செய்ய வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார். சபைச் செயலாளர் இன்று காலை ஆலய வாசலில் குடையை மடக்கிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். "இத்தனை நாளா இதை ஏம்மா முறையா செய்யாம விட்டோம்? எனக்கே மனசு கஷ்டமா போச்சு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் கப்பல் சனிக்கிழமை மாலை துறைமுகத்துக்கு வந்துவிடும் என்று உன் கம்பெனி அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். நீ கரையில் இறங்கியதும் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் நீ நம்பரை மாற்றுவதால், உன்னை அழைக்க எனக்கு வேறு வழியில்லை. பாதியில் கோபம் வரும். வந்தாலும் மடித்து வைத்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

அப்பாவுக்குப் போன மாதம் புதிய காது மெஷின் வாங்கினோம். பழையது விசிலடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆராதனை முழுவதும் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருப்பார். புதியது தெளிவாகக் கேட்கிறது. குழாய் சொட்டுவது தன் அறை வரை கேட்கிறது என்று பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர், "ஐயா, வீட்ல மத்தவங்களுக்குக் கேக்காததெல்லாம் உங்களுக்குக் கேக்குதே" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்த வாரம் வீடே சிரித்துக்கொண்டிருந்தது. ஞாயிறன்று, மூத்த மகனின் பிரசங்கத்தை இத்தனை வருடம் கழித்துக் கேட்கப்போகிறோம் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு உன் அண்ணன் பிரசங்கித்தது கெட்ட குமாரன் உவமை.

உன் அண்ணன் கதை சொல்லும் விதம் உனக்குத் தெரியும். வேதத்தில் தொலைந்த வெள்ளிக்காசு வந்தால், அவர் தொலைந்த பொத்தானைப் பற்றிச் சொல்வார். கல்யாணக் கோட்டின் கடைசிப் பொத்தான் உருண்டு போனதும், கடையிலிருந்த எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தரையில் படுத்துத் தேடிய தையல்காரர் கதை அது. அன்று மாலை நம் தெருவில் பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடவுள் நம்மை அப்படித்தான் தேடுகிறார் என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடப் புரிந்துகொண்டார்கள். அந்தத் திறமையை நான் குறை சொல்லவில்லை. மற்ற சபைகளிலிருந்து அவரைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

நீ போன பிறகு அந்த உவமைக்கும் ஒரு கதை வந்தது. முதலில், "ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள்" என்றுதான் ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு மின்விசிறி நின்றுபோய் ஜனங்கள் நெளிந்துகொண்டிருந்தபோது, "எனக்குத் தெரிந்த ஒரு பையன்" என்றார். உடனே இருமல் சத்தம்கூட அடங்கிவிட்டது. பிறகு வேறொரு சபையில், அதன்பின் இங்கேயும், "என் கூடப் பிறந்தவன்" என்று சொன்னார். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன தம்பி, எல்லாம் இழந்து, மனம் திருந்தி, வீட்டுக்கு வரக் கிளம்பி, ரயில் நிலைய பெஞ்சில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. வேதத்திலுள்ள தகப்பனுக்கு வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பக் கிடைத்தான், எங்கள் தகப்பனுக்குக் கிடைக்கவில்லை, அதனால் இன்றைக்கே திரும்பி வாருங்கள் என்று முடிப்பார். பெஞ்சுக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றுவார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் இனி வரப்போவது நடக்காத ஒன்று என்று எனக்குத் தெரியும்.

நீ அப்பாவோடு சண்டை போடவில்லை. அம்மாவின் அடக்க ஆராதனையில் அம்மா நோயில் பட்ட பாட்டையெல்லாம் உன் அண்ணன் மைக்கில் சொன்னதற்காக அவரோடுதான் சண்டை போட்டாய். "நம்ம வீட்ல நடக்கிறதெல்லாம் உனக்கு மைக்குக்குத் தீனியா?" என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அவரிடம் கேட்காமல் இல்லை. ஒருமுறை கேட்டேன். அதற்கு அவர் தச்சரைக் காட்டினார். தன் மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தச்சர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆலய வாசலிலேயே பக்கத்திலிருந்தவரின் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார். அதை நானே பார்த்தேன். "ஒரு குடும்பம் சேர்ந்திருக்கு. இதைப் போய் பொய்ங்கிறியா?" என்றார் உன் அண்ணன். பதில் இல்லாததை வசதியாக வைத்துக்கொண்டேன். செயலாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எப்படித்தான் தாங்குறீங்களோ" என்றபோதும் தலை குனிந்து நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையைக் குனிவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் காது மெஷின் வருவதற்குச் சில வாரம் முன்பு, நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் வந்து, "தம்பி போறப்ப என்ன பை எடுத்துட்டுப் போனான்?" என்று கேட்டார். உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீலக் கான்வாஸ் பை, ஜிப் அறுந்துபோய் நான்தான் மஞ்சள் நைலான் கயிறால் கட்டிக் கொடுத்தேன் என்று ஆசையாகச் சொன்னேன். அப்பாவும் அப்போது பக்கத்தில் நின்று முடிச்சை இழுத்துப் பார்த்தாரே, அதையும் சொன்னேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்த அந்த ஞாயிறு, பெஞ்சில் கிடந்தவனின் தலைக்கு அடியில் அந்தப் பை இருந்தது. நீலம், மஞ்சள் கயிறு, முடிச்சு எல்லாம் அப்படியே.

மற்றதை அப்பா கதை என்று நினைத்திருக்கலாம். பையை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டார், மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தார், படுத்துவிட்டார். சொட்டும் குழாயைப் பற்றிப் பேச்சில்லை. மருந்தைக் கொடுத்தால் விழுங்குவார், தட்டை வைத்தால் சாப்பிடுவார். வயதாகிவிட்டது, சத்தம் தலைக்குள் இடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் ஆலயத்தில் ஏழைகளுக்கென்று வரும் துணிப் பெட்டியைப் பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் உன் சட்டைகள் இருந்தன. உன் அறை அலமாரியில் அப்பா யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாரே, அதே கட்டம் போட்ட சட்டைகள். மடிப்பு கலையாமல், மேலே நாப்தலின் உருண்டையோடு இருந்தன. துணிப் பெட்டியில் போடும் சட்டையை யாரும் இவ்வளவு கவனமாக மடிக்க மாட்டார்கள்.

அவற்றைக் கொண்டுவந்து உன் அண்ணனின் பிரசங்க மேஜையில் வைத்தேன். நீ செத்துவிட்டாய் என்று அப்பா நம்பிவிட்டார் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "கதைல வர்றவன் கதைலதானே செத்தான்? அப்பாவுக்குத் தெரியாதா?" என்றார். "கூடப் பிறந்தவன்னு சொல்லித்தானே அழுதீங்க" என்றேன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

உடனே அப்பாவின் அறைக்குப் போனார். உண்மையைச் சொல்லத்தான் போனார், அதை நான் நம்புகிறேன். நான் கதவருகில் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவர் கன்னத்தைத் தடவி, "எனக்குத் தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு நீ ஒத்தையா சுமந்திருக்கியேடா" என்றார். தொடர்ந்து, "எங்கடா அடக்கம் பண்ணீங்க? என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ரொம்ப தூரம்ப்பா" என்றார்.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றாமலே வந்துவிட்டது அந்த வார்த்தை.

மறுநாள் நானே அப்பாவிடம் சொன்னேன். மெஷினை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, நீ கப்பலில் என்ஜின் அறையில் வேலை செய்கிறாய், போன துறைமுகத்திலிருந்து என்னிடம் பேசினாய், பல்வலி என்றாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ நல்ல பொண்ணும்மா. இத்தனை நாளும் அவன் போன் பண்ணான், போன் பண்ணான்னு நீ சொன்னதெல்லாம் எனக்காகத்தானே" என்றார். உன் படத்தைக் காட்டினேன். பழைய படம் என்றார். கடைசியில், "என்னை ஏமாத்துறதுக்கு உனக்குக் காரணம் இருக்கு, மாமா மேல பாசம். பிரசங்க மேடைல நின்னு அவன் ஏன்மா பொய் சொல்லணும்?" என்றார்.

நீ உயிரோடு இருப்பதை அவர் நம்ப வேண்டுமென்றால் மூத்த மகன் மேடையில் நின்று பொய் சொன்னான் என்பதையும் நம்ப வேண்டும். அந்த வயதில் அந்தக் கணக்கை யாரால் போட முடியும்?

சபையில் இதுவரை ஆர்கன் வாசிப்பவருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நான்தான் சொன்னேன், யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் வாயைப் பற்றி உனக்குத் தெரியுமே. "வாரா வாரம் செத்தவர் எழுந்தார்னு பாடுறோம். நிஜமா ஒருத்தன் எழுந்து வந்தா நாற்காலி போடாம எதுக்கு இப்படிப் பயப்படுறீங்க?" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்கும் வெட்கமாக இருந்தது.

உன் அண்ணனிடம் நினைவு ஜெபத்தைப் பற்றி மதியம் சொன்னேன். எழுந்து ஆலயத்துக்குப் போனார். சாயங்காலம் நான் பூச்சாடியைக் கழுவப் போனபோது, வாசல் கரும்பலகையில் ஞாயிறுக்கான வேதபகுதியை எழுதியிருந்தார். அதே உவமைதான், ஆனால் பின்பாதி. தம்பி திரும்பி வந்து வீட்டில் ஆடல்பாடல் நடக்கும்போது, உள்ளே வர மனமில்லாமல் வெளியே நிற்கும் மூத்த மகனைப் பற்றிய வசனங்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பகுதியைப் பிரசங்கித்துக் கேட்டதில்லை. சாக்பீஸ் தூள் அவர் சட்டைக் கையெல்லாம் இருந்தது. இந்த வாரம் என்ன கதை என்று கேட்டேன். கதை இல்லை என்றார்.

அவர் மேடையில் உண்மையைச் சொல்வாரா, அல்லது நினைவு ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வாரா, எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுத மாட்டேன். அப்பாவின் கோரிக்கையை அவர் இன்னும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. செயலாளர் சனிக்கிழமை இரவு வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு மதியம் வரை பொறு, அண்ணனே முதலில் சொல்லட்டும் என்று உன்னிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அது அவருக்கு நல்லது. ஆனால் அப்பா இன்னொரு இரவு உனக்காக அழுது தூங்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கரையில் இறங்கியதும் கூப்பிடு. நான் அப்பா பக்கத்திலேயே இருப்பேன். மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு வைக்கிறேன். வெறும் குரல் வேண்டாம், அதைப் பழைய பதிவு என்பார். வீடியோவில் வா.

உன் அண்ணனும் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார். அறைக்குள் வருவாரா, வெளியே நிற்பாரா என்று சொல்ல முடியாது. அவரிடம் பேசு என்று நான் கேட்கவில்லை. அவர் கதவருகில் நிழலாகத் தெரிந்தால், போனை உடனே வைத்துவிடாதே. அவ்வளவுதான்.

சட்டைகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. தம்பி, அந்த நீலப் பை இன்னும் உன்னிடம் இருந்தால், உன் முகத்துக்கு முன்னால் முதலில் அதைக் காட்டு. கயிறு தெரியட்டும். அந்த முடிச்சை அப்பா தன் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார்.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும்,
அண்ணி