ராபினின் மூன்றாம் அடையாளம்

அன்புள்ள அக்கா,

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களோடு என் பழைய வீட்டுக் கணக்கு நோட்டும் வந்துவிட்டது. சந்தனம் வைக்கப் பிரித்தால், கடைசிப் பக்கங்களில் நம் பறவைகள். பெயர், அடையாளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் போட்ட கட்டங்கள். மூன்றும் பொருந்தும்வரை பென்சில்தான்; அப்புறமே மை.

எழுபதுகளின் சிட்னியில், எங்கள் தெருவில் தமிழ் பேச எனக்கு நீங்கள் ஒருவர்தான். முதல் நாள் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்றீர்கள். யாழ்ப்பாணத்து 'ஆமாம்' அதுதான் என்று தெரியாமல், மூச்சுக்கு மூச்சு பிரணவம் சொல்கிறீர்களே என்று காலில் விழப் போனேன். "நிமிரும் பிள்ளை, நான் சாமியில்லை" என்று சிரித்தீர்கள்.

டொராண்டோவில் தன் விருப்பப்படி ஒரு வெள்ளைக்காரரை மணந்துகொண்ட உங்கள் மகளின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றிருந்தார் உங்கள் வீட்டுக்காரர். அவள் கடிதங்களை முதலில் பிரிப்பவரும் அவர்தான். அதனால் தன்னைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எழுதமாட்டாள். சன்னலுக்கு வரும் பறவைகளை மட்டும் எழுதுவாள். அதை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வருவீர்கள். நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த வட அமெரிக்கப் பறவைப் புத்தகமும், என் அரைகுறை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியும் காத்திருக்கும். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தொண்டை, வெள்ளைக் கன்னம் என்றால் சிக்கடிக் குருவி. அது அவள் உள்ளங்கையிலிருந்தே விதை எடுக்கிறதாம். "அப்ப ஆறுதலா நிக்க நேரம் கிடைக்குது. சுகமாத்தான் இருக்கிறாள்" என்பீர்கள்.

பிறகு மாதக்கணக்கில் கடிதமே இல்லை. நான் பிள்ளையாருக்கு விளக்கேற்றினேன். நீங்கள் தபால்பெட்டியைப் பார்த்தபடி இருந்தீர்கள். கடைசியில் மூன்று வரி வந்தது: "அம்மா, ரொபின் வந்திட்டுது. தலை நல்ல கறுப்பு. விடிய நாலு மணிக்கே சத்தம்."

புத்தகத்தில் ராபினுக்குத் தலை கருமை, சரி. பொழுது புலருமுன் பாடும், அதுவும் சரி. மூன்றாவது கட்டத்தில் பென்சில் நின்றது.

"மார்பு சிவப்புன்னு எழுதலையே, அக்கா? ராபினுக்கு முதல் அடையாளமே அதுதானே."

"மறந்திருப்பாள்."

"யாரு, உங்க பொண்ணா? குருவியோட கால் நிறத்தைக்கூட விடாதவளா?"

நீங்கள் கடிதத்தை வாங்கி, "வந்திட்டுது... வந்திட்டுது..." என்று இரண்டு முறை வாய்க்குள் சொன்னீர்கள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பிள்ளை, எங்கட ஊரில பச்சைக் குழந்தையையும் 'வந்திட்டுது' எண்டுதானே சொல்லுவம்!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அணைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய், சொல்லக்கூடாத அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். மறுநாள் சிரிப்பும் அழுகையுமாக வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தைத் திரும்ப வாசிச்சார். பிறகு மெல்லக் கேக்கிறார், 'நாலு மணிக்கோ எழும்பி அழுகுது?' எண்டு."

இப்போது மெல்பர்னிலிருந்து என் மகள் போனில் எல்லாக் கதையும் சொல்லி முடித்த பிறகும், எதைச் சொல்லாமல் விட்டாள் என்றே என் மனம் தேடுகிறது. கிடைத்துவிட்டால் அதை மட்டும் கேட்கிறேன். நீங்கள் கண்மூடிப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நோட்டில் ராபினின் மூன்றாவது கட்டத்தில் இருப்பது என் எழுத்தல்ல, அக்கா. பிறகு ஆண் குழந்தை என்று தெரிந்ததும், என் பேனாவைப் பிடுங்கி, சாய்வாக நீங்கள் எழுதியது: 'பேரன்.' அந்த மை கலையாமல், சந்தனத்தை ஓரமாக வைத்தேன்.